திங்கள் நாலு மணி வரை

திங்கட்கிழமை மாலை நாலு மணி வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் குழுவுக்கு இருக்கும் ஒரே சட்டம் இதுதான்.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் மேல் பைத்தியமாக இருக்கும் ஐந்து தமிழர்களும் ஓர் அரட்டைக் குழுவும். இரண்டு பேர் டொராண்டோவில், ஒருவர் பினாங்கில், நான் கோயம்புத்தூரில், தயாபரன் அண்ணா ஆக்லாந்தில். பார்க்கச் சாதாரணக் கார் போலிருக்கும் நாற்பது வண்டிகள் வட்டமான தடத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மணிக்கணக்கில் பறக்கும். "சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தானே வர்றானுக, இதுல என்ன இருக்கு?" என்று என் கணவர் கேட்பார். பதினோரு வருடமாக என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் பிப்ரவரி முதல் நவம்பர் வரை ஒரு பந்தயத்தைக்கூட நான் விட்டதில்லை.

அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகல் என்றால் ஆக்லாந்தில் திங்கள் காலை. தயா அண்ணா விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, பதிவான பந்தயத்தை அவர் ஊர் நாலு மணிக்குத்தான் போடுவார்; அவர் பார்க்கப் பார்க்க, குழுவில் எல்லோரும் பேசத் தொடங்குவோம். அவர் ஒருவருக்காக மற்ற நான்கு பேரும் ஆறு வருடமாக அதுவரை மௌன விரதம் இருக்கிறோம். ஜெயித்தவன் பெயரைத் தொண்டையிலேயே அடக்கி வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இந்த வண்டிகளில் ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, வலைதான் கட்டியிருக்கும். வண்டி சுவரில் மோதி நின்றால், உள்ளே இருப்பவர் வலையைக் கழற்றிக் கீழே இறக்குவார். எனக்கு ஒன்றுமில்லை என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது. எந்த வண்டி மோதினாலும் எங்கள் குழுவில் முதலில் வந்து விழுவது ஒரே ஒரு சொல்: "வலை?" யாராவது "இறங்கிடுச்சு" என்று எழுதிய பிறகுதான் மற்றப் பேச்செல்லாம்.

இந்த வருடம் எங்கள் கம்பெனி செய்த, மசாலாத் தூளைப் பொட்டலம் போடும் இயந்திரம் ஒன்று அதே விரிக்கு ஏற்றுமதியானது. பொருத்தி ஓடவிட்டுக் காட்ட ஓர் இன்ஜினீயர் போக வேண்டும், பத்து நாள் வேலை. யார் போகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. அந்தப் பத்து நாளுக்கு நடுவில் வரும் திங்களில்தான் அமெரிக்கப் பருவத்தின் கடைசிப் பந்தயம். நாங்கள் ஐந்து பேரும் உயிரை விடும் ஊதா வண்டி, அந்தப் பந்தயத்தை ஜெயித்தால் சாம்பியன்.

புதன்கிழமை ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் மேசை மேல் வரிசையாக நிறுத்தப்பட்டன. உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையாக ஆம் என்று எழுதியதன் பலன். "இது முளைக்குமா?" என்று எள்ளுப் பொடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார் சோதனை அதிகாரி அம்மாள். வறுத்து அரைத்தது, இனி எந்த ஜென்மத்திலும் முளைக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கறிவேப்பிலை மட்டும் குப்பைக்குப் போனது.

வெளியே ஊதாத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். ஆறு வருடம் எழுத்தில் மட்டும் பழகிய மனிதரை முதல்முறை நேரில் பார்ப்பது வினோதமாக இருந்தது. அரட்டையில் அத்தனை வாயாடுபவர் நேரில் ஒல்லியாக, அமைதியாக இருந்தார். "பயணம் சுகமே தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

வீடு த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில். மனைவி ராஜினி அக்கா அங்கேயே கடைத்தொகுதியில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறார். இடியப்பமும் சொதியும் போட்டு, "வடிவாச் சாப்பிடுங்கோ, நாலு இடியப்பம் ஒரு சாப்பாடே?" என்று மேலும் நான்கை வைத்தார். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். மஞ்சள் சொதியில் நனைத்துச் சாப்பிட்ட பிறகு, இத்தனை வருடம் ஏமாந்துவிட்டோம் என்று தோன்றியது. சுவரில் பந்தய உடை போட்ட ஒரு பெண்ணின் படம் இருந்தது. யாரென்று கேட்டேன். "மகள்" என்றார் ராஜினி அக்கா. தயா அண்ணா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் வேனிலேயே விரிக்குப் போனேன். அவருடைய கிடங்குக்கு அடுத்த கட்டடத்தில்தான் என் இயந்திரம். வண்டியை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும்."

"சொல்லுங்கண்ணா."

சொன்னார். மகள் அபிராமிக்கு இருபத்து நாலு வயது, லாரி மெக்கானிக். இந்த நாட்டிலும் ஸ்டாக் கார் பந்தயம் உண்டு, அவள் அதில் ஓட்டுகிறாள். ஆனால் இங்கே கதை வேறு. அமெரிக்காவில் மோதினால் விபத்து. இங்கே களிமண் தடம், இரும்புச் சட்டம் அடித்த வண்டிகள், ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவதுதான் விளையாட்டே. போன பருவத்தில் அவளைச் சுவரோடு வைத்து அடித்ததில் காறை எலும்பு முறிந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனதைத் தயா அண்ணா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இனி அந்தக் காரிலை ஏறக் கூடாது எண்டு சொன்னன். அவள் வீட்டை விட்டு ரானுயிக்குப் போட்டாள். எட்டு மாசம் கதையில்லை. போன கிழமை ஃபோன் எடுத்தவள். இந்தச் சனி முதல் றேஸ். அப்பா ஒருக்கா வந்து கடைசி வரைக்கும் பாருங்கோ. பாத்திட்டு நிப்பாட்டு எண்டு சொன்னால் நிப்பாட்டுறன், காரையும் குடுத்திடுறன் எண்டாள்."

"அப்புறமென்னங்கண்ணா? போய்ப் பாத்துட்டு நிறுத்துன்னு சொல்லிட்டு வந்துருங்க."

"பாக்கேலாது தங்கச்சி." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அமெரிக்காவிலை ஆரோ பெத்த பிள்ளையள் சுவரிலை அடிபடேக்கை நான் சோத்துக் கோப்பையோடை இருந்து பாக்கிறன். இது என்ரை பிள்ளை."

அவர் கேட்டது இதுதான். அமெரிக்கப் பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஸ்பாட்டர் என்று ஒருவர் உண்டு. கூரை மேல் நின்றுகொண்டு, பக்கத்தில் யார் வருகிறார், வழி இருக்கிறதா என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். அதுபோல நான் மேடையில் நின்று கைபேசியில் சொல்ல வேண்டும், அவர் கார் பார்க்கில் வேனுக்குள் இருந்து கேட்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

அது ஏமாற்று வேலை. அவள் பார்க்கச் சொன்னாள், கேட்கச் சொல்லவில்லை. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினோரு வருடமாக ஸ்பாட்டர்களின் குரலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆசை என்னுள் தலை தூக்கியது. சரி என்றுவிட்டேன். அன்றைக்கு முழுவதும் இயந்திரத்தில் மிளகாய்த் தூள் சிந்திக்கொண்டே இருந்தது, என் மனமும் அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை தயா அண்ணா என் கையில் ஒரு பார்சலைக் கொடுத்தார். "அம்மா தந்தது எண்டு சொல்லி அவளிட்டைக் குடுங்கோ." சாயங்காலம், நகரின் மறுகோடியில் இருக்கும் ரானுயிக்குக் கிளம்பினேன். ரயில் என்று நம்பி ஸ்டேஷனுக்குப் போனால், தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம், ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். அந்தப் பஸ் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலுக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. தப்பான நிறுத்தத்தில் இறங்கி, ஒரு டெய்ரியில் வழி கேட்டேன். டெய்ரி என்றால் பால் பண்ணை இல்லை, நம் ஊர் மளிகைக்கடைதான். கல்லாவில் இருந்த குஜராத்திக்காரர், "ஸ்டாக் கார் பெண்ணா? இரும்பு தட்டும் சத்தம் கேட்கும், அதே வீடுதான்" என்றார்.

கேட்டது. வீட்டுக் கொட்டகையில் ஒரு மஞ்சள் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அபி வெளியே வந்து, கிரீஸ் படாத முழங்கையை நீட்டிக் கைகுலுக்கினாள். அவள் பேசியது முழுக்க ஆங்கிலம், நான் தமிழாக்கித் தருகிறேன்.

பார்சலைப் பிரித்தாள். உள்ளே பந்தயக்காரர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் கழுத்துப் பாதுகாப்புப் பட்டை, அமெரிக்காவிலிருந்து தருவித்தது. மோதும்போது தலை முன்னால் வெட்டாமல் பிடித்துக்கொள்ளும் சாமான்.

"அம்மாவுக்கு இது என்னவென்றே தெரியாது" என்றாள். "அவர் அனுப்பினாரா?"

நான் பார்சல் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"என்னை நிறுத்தப் போகிறவர் எதற்கு இதை வாங்க வேண்டும்?" பட்டையை மாட்டிப் பார்த்தாள். ஒரு அளவு பெரிதாக இருந்தது. துணியை மடித்து இடையில் சொருகி, கழுத்தை இரண்டு பக்கமும் ஆட்டினாள். "அவர் வருவாரா? உள்ளே வந்து பார்ப்பாரா?"

"வருவாரும்மா" என்றேன். பாதிப் பொய். திரும்பும் பஸ் முழுக்க அந்தப் பாதி என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மழை. வெயில் அடிக்கும், பத்து நிமிடத்தில் சாரல், மறுபடி கண் கூசும் வெயில், மறுபடி மழை. காய்ச்சல்காரன் போர்வையை இழுத்துப் போர்த்துவதும் தள்ளுவதுமாக இருந்தது வானம். தயா அண்ணா ஜன்னலை விட்டு நகரவில்லை. ராஜினி அக்கா வேலைக்குப் போகும்போது என்னையும் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனார். சூப்பர் மார்க்கெட்டில் கோட் போட்ட ஒரு மனிதர் வெறுங்காலோடு பால் வாங்கிக்கொண்டிருந்தார், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊரில் என்றால் செருப்புத் திருட்டுப் போச்சா என்று நான்கு பேர் விசாரித்திருப்பார்கள்.

"அக்கா, அண்ணா இன்னைக்கு நிறுத்துன்னு சொன்னா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நானோ?" ரொட்டித் தட்டுகளை அடுக்கியபடியே சொன்னார். "போன வருஷமும் நான்தான் எல்லா றேசுக்கும் போனனான். றோல்ஸ் சுட்டுக்கொண்டு போய்ப் பெடியளுக்கும் குடுப்பன். பயம்தான். பயந்தால் பாக்கக் கூடாது எண்டு இருக்கே? இவர்தான் கண்ணை மூடுற ஆள். அவள் சொன்னால் சொன்னதுதான், இவர் நிப்பாட்டு எண்டால் நிப்பாட்டிடுவாள். பிறகு இவரோடை கதைப்பாளோ தெரியாது."

மதியம் செய்தி வந்தது. மழையால் பந்தயம் ஞாயிறு பகல் ஒரு மணிக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராஜினி அக்கா விடியலிலேயே, கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் டப்பாவோடு மகளிடம் போய்விட்டார். தயா அண்ணா என்னை மைதான வாசலில் இறக்கிவிட்டு, கார் பார்க்கின் கடைசி மூலையில் தடத்துக்கு முதுகு காட்டி வேனை நிறுத்தினார். அதிலும் ஒரு கவனம்.

மேடை என்பது புல் மேடுதான். குடும்பம் குடும்பமாகப் போர்வை, மடக்கு நாற்காலி, இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பேஸ்ட்ரி எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலி மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் போடும் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றைத் தந்தார். "போட்டுக்கொள் கண்ணு. முதல் சுற்றிலேயே சேறு வந்துவிடும்." அவர் கணவர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். யாருக்காக வந்திருக்கிறாய் என்று கேட்டார்கள். மஞ்சள் வண்டி என்றேன். "ஓ, அந்தப் பெண். பிடிவாதக்காரி" என்றார் கிழவர். பாராட்டாகத்தான் சொன்னார்.

கைபேசியைக் காதில் வைத்தேன். "அண்ணா, வரிசையில நிக்கிறாங்க. மஞ்சள் நாலாவது வரிசை, உள் பக்கம்."

"ஓம். ஓம்." மூச்சு மட்டும் கேட்டது.

பச்சை விளக்கு எரிந்தது. டிவியில் கேட்ட சத்தம் வேறு, இது வேறு. நெஞ்செலும்பு அதிர்ந்தது. மூதாட்டி சொன்னபடியே முதல் சுற்றில் களிமண் கட்டிகள் வேலியைத் தாண்டி என் மடியில் விழுந்தன.

"முதல் திருப்பம் தாண்டிட்டாண்ணா. உள்ள ஒருத்தன், வெளிய ஒருத்தன். வழி இருக்குது. போயிட்டா. ஒருத்தனைத் தாண்டிட்டா!"

"இடிச்சவளோ?"

"இடிச்சுத்தான் தாண்டினா."

காதில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எனக்கு வெறி ஏறிவிட்டது. நாலு சுற்று, ஐந்து சுற்று, ஒவ்வொரு திருப்பத்தையும் கத்திக் கத்திச் சொன்னேன். அந்தச் சில நிமிடங்கள் நான் நிஜமாகவே கூரை மேல் நிற்கும் ஸ்பாட்டர்தான். பக்கத்துக் கிழவர் தடத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது சுற்றில் ஒரு கறுப்பு வண்டி பின்னாலிருந்து வந்து அவளைத் தூக்கிவிட்டது. மஞ்சள் வண்டி சுவரில் ஏறி, பக்கவாட்டில் விழுந்து, ஒரு புரளல் புரண்டு, சக்கரத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்தது. எதிர்த் திசையைப் பார்த்தபடி. சிவப்பு விளக்குகள் எரிந்தன. எல்லா வண்டிகளும் நின்றன. இத்தனை பேர் இருக்கும் மைதானம் இவ்வளவு அமைதியாகிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது.

என் கண் ஜன்னலுக்குத்தான் போனது. பதினோரு வருடப் பழக்கம். வலை அப்படியே கட்டியிருந்தது.

"தங்கச்சி? ஏன் சத்தம் நிண்டது? ஏன் கதைக்காமல் நிக்கிறியள்?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். வலை அசையவில்லை.

"தங்கச்சி!"

"வலை இறங்கலைங்கண்ணா" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன நொடியே தெரிந்தது. கைபேசி இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், புல் மேட்டில் போர்வைகளை மிதித்து, நாற்காலிகளைத் தட்டிவிட்டு அவர் ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. ஊதாத் தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. நேரே வேலிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை! பிள்ளை!" என்று கத்தினார். ஐம்பத்தாறு வயது மனிதரின் குரல் மாதிரியே இல்லை அது.

ஆரஞ்சு உடை போட்ட அலுவலர் ஒருவர் மஞ்சள் வண்டிக்கு ஓடினார். குனிந்து ஜன்னலுக்குள் பேசினார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். நான் மூதாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அலுவலர் மேலே, பந்தயத்தை நடத்துபவர்கள் இருந்த கோபுரத்தைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். பிறகு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மஞ்சள் வண்டி இருமியது. நின்றது. மறுபடி இருமி, கொஞ்சம் கரும்புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. நசுங்கிய தகடு டயரில் உரசிக் கிறீச்சிட, மெதுவாகத் திரும்பி, வரிசையின் கடைசியில் போய் நின்றது.

பச்சை விளக்கு. மீதிச் சுற்றுகளைத் தயா அண்ணா வேலியில் நின்று தன் கண்ணாலேயே பார்த்தார். மூதாட்டி இன்னொரு பிளாஸ்டிக் கண்ணாடியை நீட்டினார், அண்ணா என்ன ஏது என்று கேட்காமல் தன் மூக்குக்கண்ணாடி மேலேயே மாட்டிக்கொண்டார். சேறு அவர் சட்டையெல்லாம் தெறித்தது. அபி கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் ஓடி முடித்தாள்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நாங்கள் போனபோது ராஜினி அக்கா மகளின் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அபியின் முகத்தில் கண் இருக்கும் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அப்பாவின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், சேற்றுச் சட்டையைப் பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டேன். இனிமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. அப்பா வேனில் இருந்ததையும், நான் வலையைப் பற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். மன்னிச்சுக்கோ என்றேன்.

"வலையை ஏன் இறக்க வேண்டும்?" என்றாள் அவள், நிஜமாகவே புரியாமல். "இறக்கினால் இன்றைக்கு என் ஓட்டம் முடிந்தது, என்னை வெளியே எடுங்கள் என்று அர்த்தம். எனக்கு ஓட்டம் முடியவில்லையே. நான் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அமெரிக்காவிலும் அப்படித்தான். வண்டியை மறுபடி கிளப்பப் பார்க்கும் ஓட்டுநர் வலையை இறக்க மாட்டார். நூறு முறை பார்த்திருக்கிறேன். பயத்தில் அது ஒன்றுதான் நினைவுக்கு வரவில்லை.

அபி அப்பா பக்கம் திரும்பினாள். "பார்த்தீர்களா, இல்லையா?"

"பாத்தன்."

"கடைசி வரை?"

"கடைசி வரைக்கும்."

"அப்போ சொல்லுங்கள்."

தயா அண்ணா செருப்பில்லாத காலை மண்ணில் துடைத்தார். சுவர் பக்கம் பார்த்தார், நசுங்கிய வண்டியைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்லுறன். நாலு மணிக்கு."

"அப்பா!"

"இந்த மனுசனுக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம்" என்றார் ராஜினி அக்கா. "நாளைக்கு வீட்டை வா பிள்ளை. சாப்பிட்டிட்டுக் கேள்."

அன்றிரவும் ராஜினி அக்கா வழக்கம்போல எனக்கு இரண்டு முறை பரிமாறினார். என்மேல் யாருக்கும் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஓர் ஆள் திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை விரியில் இயந்திரம் ஓடிக் காட்ட வேண்டிய நாள். ஒன்பது மணிக்கு நான் பொத்தானை அழுத்திய அதே நேரம் அமெரிக்காவில் கடைசிப் பந்தயம் தொடங்கியிருக்கும். மிளகாய்த் தூள் பொட்டலம் பொட்டலமாக, ஒரு சிந்தல் இல்லாமல் விழுந்தது. கைபேசியை அணைத்துப் பையில் போட்டிருந்தேன். மதியம் பக்கத்துக் கிடங்கில் எட்டிப் பார்த்தேன். தயா அண்ணா காதடைப்பான் போட்டுக்கொண்டு ஃபோர்க்லிஃப்டில் போய்க்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை அவர் யாரோடும் பேச மாட்டார், எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது" என்று சிரித்தார் அங்கிருந்த சமோவாக்காரர். இன்றைக்கு அந்த அடைப்பான் பந்தய முடிவுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

நாலு மணிக்கு அபி வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வாசற்படி. அப்பாவுக்கு எதிர் மூலையில் உட்கார்ந்தாள். அவர் டிவியைப் போட்டார். "முதல்லை இது முடியட்டும்" என்றார். அபி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். ஆனால் கைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஊதா வண்டி நன்றாகத்தான் ஓடியது. முதல் மூன்றுக்குள்ளேயே இருந்தது. வேறு நாளாக இருந்தால் நானும் தயா அண்ணாவும் கத்தி வீட்டைத் தூக்கியிருப்போம். ராஜினி அக்கா றோல்ஸ் கொண்டுவந்து வைத்தார், யாரும் தொடவில்லை. ஒரு மணி நேரம் போனது, ஒன்றரை மணி நேரம் போனது. அப்பாவும் மகளும் டிவியைப் பார்ப்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிக்கு மேல் போன பிறகு, மூன்றாவது திருப்பத்தில் ஊதா வண்டியைப் பின்னாலிருந்து ஒருவன் தட்டினான். வண்டி பக்கவாட்டில் சறுக்கி, சுவரில் அடித்து, புல்லில் சுழன்று நின்றது. புகை. வர்ணனையாளர் குரல் தாழ்ந்தது. கேமரா மெல்ல மெல்ல ஓட்டுநரின் ஜன்னலை நெருங்கியது.

வலை கட்டியே இருந்தது.

தயா அண்ணா எழுந்துவிட்டார். கை இரண்டும் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தன, முந்தின நாள் வேலிக் கம்பியைப் பிடித்ததுபோல. "இறக்காதை" என்றார், முதலில் தனக்குள். ஆம்புலன்ஸ் கிளம்பியது. "இறக்காதை." பிறகு வீடு அதிரக் கத்தினார்:

"வலையை இறக்காதை பிள்ளை! நீ ஓடு!"

ஊதா வண்டிக்காரன் தாடி வைத்த, நாற்பது தாண்டிய ஆள். அவனை இந்த உலகத்தில் யாரும் பிள்ளை என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ராஜினி அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அபியின் கை நகத்தை விட்டு இறங்கியது. நான் வந்ததிலிருந்து முதல்முறையாகத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, இப்ப மணி என்ன?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

"நாலு எப்பவோ தாண்டீட்டுது" என்றார். "இனி றிசல்ட் சொல்லலாம்."

அபி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். திரையில் வலை இன்னும் இறங்கவில்லை.